காரணத்துக்கு இரண்டு கோடு

காரணம் என்ற இடத்தில் இரண்டே இரண்டு கோடுதான் விட்டிருந்தார்கள். பெயருக்கு ஒரு கோடு, வகுப்புக்கு ஒரு கோடு, இப்போது படிக்கும் பாடப்பிரிவு, மாற விரும்பும் பாடப்பிரிவு, அதற்குக் கீழே 'மாற்றம் கோருவதற்கான காரணம்' என்று போட்டு இரண்டு புள்ளிக்கோடு, கடைசியில் பெற்றோர் கையொப்பம். மற்றதையெல்லாம் இளவேனில் தன் குண்டு குண்டான எழுத்தில் நிரப்பிவிட்டாள். காமர்ஸ் என்று எழுதி, அதிலிருந்து கணிதம்-கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று எழுதி, காரணத்தை மட்டும் வெறுமனே விட்டிருந்தாள். "அதை நீ எழுதும்மா, நீதானே தமிழ் டீச்சர்" என்று காலையில் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்த அம்மாவின் கையில் காகிதத்தைத் திணித்தாள். இன்றைக்கு நாலு மணிக்குள் ஆபீஸில் கொடுக்க வேண்டும், இன்றோடு சரி, அப்புறம் மாற்ற முடியாது என்று வாசற்படியில் நின்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டாள். பார்க்கிறேன் என்றுதான் வடிவாம்பாள் சொன்னாள். போடுகிறேன் என்று சொல்லவில்லை. காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். அந்தக் கைப்பை இப்போது தலைமையாசிரியர் அறையில் செல்போனோடு சேர்ந்து அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. வடிவாம்பாள் இங்கே ஏழாம் எண் அறையில் நிற்கிறாள். பிளஸ் டூ துணைத்தேர்வு, கணக்கு. மார்ச்சில் கணக்கில் கோட்டைவிட்ட பதினாலு பேருக்கு அவள் காவல். கணக்குப் பரீட்சைக்குக் கணக்கு டீச்சரை மேற்பார்வைக்குப் போட மாட்டார்கள். தமிழ் டீச்சரைப் போட்டால் பயமில்லை, பிள்ளை கேட்டாலும் சொல்லிக்கொடுக்க அவளுக்குத் தெரியாது என்பது ஏற்பாடு. உட்காரக் கூடாது, படிக்கக் கூடாது, பேசக் கூடாது. மூன்று மணி நேரம். வந்த பத்து நிமிஷத்திலேயே அவள் ஜன்னல் கம்பிகளை எண்ணிவிட்டாள். நாலு ஜன்னல், ஜன்னலுக்கு ஒன்பது கம்பி, முப்பத்தாறு. ஒன்றை யாரோ பிடுங்கியிருந்தார்கள், முப்பத்தைந்து. பதினாலு பேருக்கு ஆளுக்கு இரண்டரைக் கம்பி. இப்படி ஒரு பழக்கம் அவளுக்கு இருப்பது கட்டிய கணவருக்குக்கூடத் தெரியாது.

ஜன்னலுக்கு வெளியே மைதானம், அதைத் தாண்டி பிளஸ் ஒன் கட்டடம். டூட்டி விழுந்தது பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்திலேயே அமைந்துவிட்டது. அந்தக் கட்டடத்தின் இடது கோடி அறையில் நன்மாறன் இருக்கிறான், கணிதம்-கம்ப்யூட்டர். வலது கோடி அறையில் இளவேனில் இருக்கிறாள், காமர்ஸ். ஒரே வயிற்றில் எட்டரை மாதம் இடித்துக்கொண்டு கிடந்ததுகள், இப்போது நடுவில் நாலு வகுப்பறை. பத்தாம் வகுப்பில் கணக்கில் அவளுக்குத் தொண்ணூற்றொன்று, அவனுக்கு எண்பத்தெட்டு. மூன்று மார்க். மூன்று மார்க் என்ன பெரிய மார்க், அன்றைக்குத் தலைவலி இருந்தால் போகிற மார்க், ஆனால் மூன்று கூடுதலாக வாங்கினவள் ஏன் வலது கோடிக்குப் போனாள் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? யாரும் கேட்கவில்லை என்பதுதான் வேடிக்கை. மே மாதத்தில் ஒரு சாயங்காலம், தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது, அவளாகத்தான் சொன்னாள். "நான் காமர்ஸ் எடுத்துக்கிறேம்மா." அவளாகத்தான். வடிவாம்பாளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிள்ளைகளின் விருப்பத்துக்கே விட்டுவிட்டோம் என்று ஸ்டாஃப் ரூமில் பெருமையடித்தது அதைவிட நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்படியானால் வகுப்பு தொடங்கி மூன்று வாரத்தில் ஏன் இந்தக் காகிதம்? காமர்ஸ் பிடிக்கவில்லையா? கணக்கு பிடிக்கிறதா? இல்லை, நன்மாறன் தடுமாறுகிறான், கூட வந்து உட்கார் என்று கூப்பிட்டானா?  இதற்குப் பதிலை அவள் யோசிப்பதற்குள் மூன்றாவது வரிசையில் ஒரு பையன் எழுந்து நின்று "கிராஃப் ஷீட்" என்றான். கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தாள்.

இரண்டாவது பெஞ்சின் ஓரத்தில் பச்சைச் சுடிதார் போட்ட பெண். வலது கை எழுதிக்கொண்டிருந்தது. இடது கை பெஞ்சுக்குக் கீழே தொங்கியது, அதில் கட்டைவிரல் மட்டும் நகர்ந்தது. ஆள்காட்டி விரலின் நுனிக் கணுவில் தொட்டது, அடிக் கணுவுக்குப் போனது, தாவி மோதிர விரலுக்குப் போனது, நின்றது. குறுக்கே பின்னால், ஒரு பெஞ்சு தள்ளி, மீசை அரும்பிய ஒரு பையன் பேனாவைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தரையையா, அந்தக் கையையா?  இந்த விரல் பாஷை வடிவாம்பாளுக்குத் தெரியும். தெரியும் என்ன, அதைக் கண்டுபிடித்தவளே அவள்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தாள். ஆள்காட்டி விரலில் மூன்று கணு, ஒன்று இரண்டு மூன்று. நடுவிரலில் நாலு ஐந்து ஆறு. மோதிர விரலில் ஏழு எட்டு ஒன்பது. சுண்டு விரலைத் தொட்டால் பூஜ்யம். சின்ன வயசில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிக்குழம்பு, அப்பா சர்வேயர் நமசிவாயம் பலகையில் உட்கார்ந்திருக்கிறார், எதிரே மகன் சபாபதி. அப்பா பின்னால் ரசப் பாத்திரத்தோடு நிற்பவள் வடிவு, ஆறாம் வகுப்பு. அண்ணன் எட்டாம் வகுப்பு. அப்பாவுக்கு வாரம் பூராவும் அடுத்தவன் நிலத்தைச் சங்கிலி போட்டு லிங்க் கணக்கில் அளந்து அளந்து, ஞாயிற்றுக்கிழமையும் எதையாவது பெருக்கினால்தான் சோறு இறங்கும். "சபாபதி, இருபத்தேழு லிங்க் நீளம், பதினாலு லிங்க் அகலம், எவ்வளவுடா?" சபாபதி சோற்றைப் பார்ப்பான். காது சிவக்கும். கண்ணில் தண்ணீர் முட்டும், அது சோற்றில் விழுந்துவிடக் கூடாதே என்று தலையை நிமிர்த்துவான். நிமிர்த்தினால் எதிரே அப்பா தலைக்கு மேலே தங்கச்சி தெரிவாள். வலது கையில் கரண்டி, இடது கை பாவாடை ஓரத்தில். இருபத்தேழைப் பத்தால் பெருக்கினால் இருநூற்றெழுபது, நாலால் பெருக்கினால் நூற்றெட்டு. கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் அடியில், பிறகு மோதிர விரலின் நுனியில், பிறகு அதன் நடுவில். "முந்நூத்தி எழுபத்தெட்டுப்பா." அப்பா பெரிய துண்டு ஒன்றை எடுத்து அவன் இலையில் போடுவார். "பாத்தியாடி உன் மகனை" என்று அம்மாவிடம் சொல்வார். அண்ணன் பாவம், அடி வாங்குவான், அதனால்தான் செய்தாள். முதலில் அப்படித்தான். அப்புறம் அப்பா கேள்வியை முடிக்கும் முன்பே விரல் போய்விடும். அதில் ஒரு ருசி இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

அந்தப் பெண்ணும் இந்தப் பையனும் அக்கா தம்பியாக இருக்குமோ? முகத்தில் ஒற்றுமை இருக்கிறதா? மூக்கு கொஞ்சம் அப்படித்தான். அக்கா தம்பி என்றால் இரண்டு பேரும் சேர்ந்து கணக்கில் போனவர்களா? இல்லை, அவள் போகவில்லை, அவனுக்காக எழுத வந்திருக்கிறாளா? சே, அதெப்படி முடியும், ஹால் டிக்கெட், போட்டோ எல்லாம் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டோம். ஒரு வீட்டில் ஆணும் பெண்ணும் பிறந்தால் பாடங்கள் எப்படிப் பங்கு பிரிகின்றன என்பது வடிவாம்பாளுக்குக் கொஞ்ச நாளாகவே தீராத குடைச்சல். போன வருஷம் அவளுடைய பள்ளிக்கூடத்தில், பிசிக்ஸ் மெஹருன்னிசா ஸ்டாஃப் ரூம் ஃபேனைத் தானே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றியபோது ஆரம்பித்தது. "எங்கே கத்துக்கிட்டீங்க டீச்சர்?" என்று கேட்டதற்கு மெஹருன்னிசா வாயில் திருகாணியைக் கவ்விக்கொண்டே சொன்னாள். "எங்க வீட்ல நாலும் பொண்ணு. மோட்டார் ஓடலேன்னா அத்தா என்னத்தான் கூப்பிடுவாரு. ஒரு தம்பி இருந்திருந்தா நான் அந்த மோட்டார் பக்கம் போயிருப்பேனா? டார்ச் லைட் புடிச்சிக்கிட்டு நின்னிருப்பேன்." டார்ச் லைட்! அன்றிலிருந்து வடிவாம்பாள் ஒவ்வொருத்தியாக விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். கல்யாணத் தரகர் மாதிரி, கூடப்பிறந்தவங்க எத்தனை பேர், அதில் ஆண் எத்தனை. தன்னையும் சேர்த்துப் பதினொரு பேர். கணக்கு, அறிவியல் ஐந்து பேரில் நாலு பேருக்கு அண்ணன் தம்பி கிடையாது. தமிழ், வரலாறு, இங்கிலீஷ் என்று போன ஆறு பேரில் ஐந்து பேருக்கு உண்டு. அடேயப்பா என்று இரண்டு நாள் தலைகால் புரியவில்லை அவளுக்கு. மிச்சம் இரண்டு பேர்தான் கழுத்தறுத்தார்கள். விலங்கியலுக்கு மூன்று அண்ணன்மார். வரலாறு அமலோற்பவத்துக்கு ஐந்தும் அக்கா தங்கை. "மோட்டாரா? எனக்கு டார்ச் லைட்டுக்கே பேட்டரி போடத் தெரியாது டீச்சர்" என்று அமலோற்பவம் சிரித்தாள். அதற்காக விட்டுவிட முடியுமா? எல்லாப் பெண்களுமாக இருக்கிற வீட்டில் எவளாவது ஒருத்தி ஸ்டூல் மேல் ஏறித்தானே ஆக வேண்டும், அமலோற்பவம் வீட்டில் வேறு ஒருத்தி ஏறியிருப்பாள். ஆணும் பெண்ணுமாக இருக்கிற வீட்டில்தான் ஸ்டூல் யாருக்கு, டார்ச் யாருக்கு என்று கேட்காமலே முடிவாகிவிடுகிறது. அவன் கணக்கு என்றால் அவள் கணக்கு இல்லை. அப்படி ஒன்றும் யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு கணக்குப் புலி போதும் என்று எல்லோருக்கும் எப்படியோ தோன்றிவிடுகிறது. வடிவுக்குத் தமிழ் நன்றாக வரும், தமிழே படிக்கட்டும் என்றார்கள். நன்றாகத்தான் வந்தது. தமிழ்மீது அவளுக்குக் குறையே இல்லை. யாப்பு நடத்துகிற அன்று மட்டும் அவளுக்குக் குரல் உயரும், அசை பிரித்து, சீர் எண்ணி, தளை தட்டுகிற இடத்தைக் கண்டுபிடித்துக் கரும்பலகையில் கட்டம் கட்டமாகப் போடுவாள். ஒருமுறை பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி "டீச்சர், இது கணக்கு மாதிரியே இருக்கு" என்றபோது, திருடும்போது யாரோ விளக்கைப் போட்டதுபோல் திடுக்கிட்டுப் போனாள்.

ஒரு மணி நேரம் முடிந்ததற்கு மணி அடித்தது. பச்சைச் சுடிதாரின் கை மறுபடி தொங்கியது. நடுவிரல், நடுவிரல், ஆள்காட்டி. ஐந்து, ஆறு, இரண்டு. பின்னால் அந்தப் பையன் என்னவோ எழுதினான். எழுதினானா, கிறுக்கினானா? பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். பார்த்து, அவன் ஐந்து ஆறு இரண்டு என்று எழுதியிருந்தால்? முறைப்படி எழுதி வாங்க வேண்டும், பறக்கும் படைக்குச் சொல்ல வேண்டும், இரண்டு பேரையும் வெளியே அனுப்ப வேண்டும். ஒரு வார்த்தையில் இரண்டு பேருடைய வருஷமும் போய்விடும். அவன் பாவம் என்று மனசு சொன்னது, சொன்ன வேகத்தைப் பார்த்து அவளுக்கே எரிச்சல் வந்தது. ஏன் எப்போதும் அவன் பாவம்? விரலைத் தேய்க்கிறவள் பாவமில்லையா? சபாபதியும் பாவம்தான். சர்வேயர் மகன் கணக்கில் புலி என்று ஊரெல்லாம் பேராகி, கணக்கு குரூப்பில் தூக்கிப் போட்டார்கள், பரீட்சை ஹாலில் எதிரே தங்கச்சி இல்லை. இரண்டு தடவை போய், மூன்றாவது தடவை இருநூற்றுக்கு எழுபத்திரண்டு. அதை வைத்துக்கொண்டு ஓசூரில் ஒரு கம்பெனி ஸ்டோரில் பதினெட்டு வருஷம் போல்ட்டும் நட்டும் எண்ணினான். நாற்பது வயதை நெருங்கும்போது எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்து திருச்சியில் ஒரு மெஸ் போட்டான். இப்போது மத்தியானம் ஒரு மணிக்குப் போனால் உட்கார இடம் கிடைக்காது. இந்தப் பொங்கலுக்குப் போனபோது சட்டியில் கிண்டிக்கொண்டே சொன்னான். "வடிவு, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. நீ அன்னைக்கு வெரலக் காட்டாம இருந்திருந்தா அப்பா ரெண்டு மாசம் அடிச்சிருப்பாரு. மூணாவது மாசம் இவனுக்கு வராதுன்னு கைகழுவியிருப்பாரு. நான் பதினெட்டு வயசுலயே கரண்டியப் புடிச்சிருப்பேன்." "நீ அழுதியே அண்ணே." "அழுதா அழுதுட்டுப் போறேன். சோத்துல கொஞ்சம் உப்பு கூடியிருக்கும், அவ்வளவுதானே?" என்று சிரித்தான். அப்புறம் அடுப்பைத் தணித்துவிட்டு, "என்னை விட்டுட்டு ஒருவேளை உன்னக் கேட்டிருப்பாரு" என்றான். முப்பது வருஷமாகத் தான் அவனைக் காப்பாற்றியதாக நினைத்திருந்தவளுக்கு அன்று திருச்சியிலிருந்து அறந்தாங்கி வரும்வரை பஸ்ஸில் அந்த ஒரு பேச்சே காதில் ஓடியது.

கேட்டிருப்பாரா? அதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். ஏனென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. சபாபதி ஸ்கவுட் கேம்ப் போயிருந்தான். அவன் பலகை காலியாக இருந்தது, இன்னிக்கு நீ உக்காரு என்று அம்மா சொன்னாள். வடிவு உட்கார்ந்தாள். அப்பாவின் முகத்தை இவ்வளவு நேராக, இவ்வளவு கிட்டத்தில் அவள் சாப்பாட்டு நேரத்தில் பார்த்ததில்லை. காலையிலிருந்தே தயாராகியிருந்தாள். பதினாறு, பதினெட்டு, இருபத்துமூன்று வாய்ப்பாடெல்லாம் நாக்கு நுனியில் நின்றன. அப்பா குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார். ரசம் ஊற்றிச் சாப்பிட்டார். இடையில் ஒருமுறை தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்து வாயைத் திறந்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். "மோர் இருக்கா?" என்றார். கோபமெல்லாம் என்றைக்கோ வடிந்துவிட்டது, அப்பா போயும் ஒன்பது வருஷம் ஆகிறது. தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும் போகமாட்டேன் என்கிறது. பெண் என்பதால் கேட்கவில்லையா, பையன் ஒருவன் இருந்ததால் கேட்கவில்லையா? இரண்டும் ஒன்றில்லை. சபாபதி சரஸ்வதியாகப் பிறந்திருந்தால்? எதிரே சரஸ்வதி உட்கார்ந்திருப்பாள், பின்னால் வடிவு நின்றிருப்பாள், அப்பாவுக்கு எதையாவது பெருக்காமல் சோறு இறங்காது, அப்போது யாரையாவது கேட்டுத்தானே தீர வேண்டும்? சரஸ்வதி முழிப்பாள், நீ சொல்லுடி என்று தலையைத் திருப்புவார். திருப்பியிருப்பாரா? இல்லை, பேசாமல் மோர் கேட்டிருப்பாரா? சரஸ்வதி என்று ஒரு அக்கா இல்லாததால் இதை யாரிடமும் சரிபார்க்க முடியாது. விடைத்தாள் இல்லாத கேள்வி. பிறக்காத அந்த அக்காவை நினைத்துக்கொண்டே, பரீட்சை ஹாலின் நடுவில் நின்று வடிவாம்பாள் ஜன்னல் கம்பிகளை மறுபடி எண்ணினாள்.

அது சரி, உன் வீட்டுக் கதை என்ன? என்று அவளே அவளைக் கேட்டுக்கொண்டாள். மே மாதம், தோசை. அவளாகத்தான் சொன்னாள். இல்லை, கொஞ்சம் பொறு. அதற்கு முன்னால் கணவர் என்னவோ சொன்னார். செல்வரங்கம் தட்டை நீட்டிக்கொண்டே, "ரெண்டும் ஒரே கிளாஸ்ல உக்காந்தா நாள் பூரா ஒப்பிட்டுக்கிட்டே இருக்கும்" என்றார். ஆமாம், அவர்தான் ஆரம்பித்தார். ஆண்பிள்ளைகளுக்கு இந்தப் புத்தி போகாது. அவர் சொன்னதைக் கேட்டுத்தான் பெண் ஒதுங்கியிருக்கிறாள். வடிவாம்பாள் மேஜைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். தண்ணீர் உள்ளே இறங்கும்போது தோசைக்கல்லின் சூடு முகத்தில் அடித்தது. செல்வரங்கம் சொன்னது வேறு. "ரெண்டும் ஒரே கிளாஸ்ல உக்காந்தா டியூஷனுக்குக் கொண்டுவிட நான் ஒரு தடவை அலைஞ்சாப் போதும்" என்றார், அவ்வளவுதான், சந்தோஷமாகச் சொன்னார். ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும் என்று சொன்னது ஒரு பெண் குரல். தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல், தொடர்ந்தும் பேசியது அந்தக் குரல். "நீ எதை எடுத்தாலும் நல்லா வந்துருவ இளவேனி. நீ காமர்ஸ் எடுத்தா என்ன? அவன் பாவம், நீ பக்கத்துல இருந்தா சுருங்கிப் போயிருவான்." அதற்கு அப்புறம்தான், கொஞ்ச நேரம் சட்னியைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டு, நான் காமர்ஸ் எடுத்துக்கிறேம்மா என்று பிள்ளை சொன்னது. வடிவாம்பாள் தண்ணீர்ப் பாட்டிலை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. சர்வேயர் நமசிவாயமாவது கேட்காமல் விட்டார். இவள் வாயைத் திறந்து சொல்லியே அனுப்பியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. சபாபதியின் சிவந்த காதை நன்மாறன் தலையில் ஒட்டவைத்து, அவன் அழாமல் இருக்கும்போதே அவனுக்காக இரக்கப்பட்டிருக்கிறாள். இப்போது காரணம் எழுது என்றால் எதை எழுதுவது? 'தாயாரின் தவறு காரணமாக' என்று எழுதலாமா? ஆபீஸில் ஃபைல் போட்டு வைப்பார்கள். ஆனால் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் மட்டும்? இளவேனில் போய் நன்மாறன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கண்ணில் தண்ணீர் முட்டும்போதெல்லாம் பெஞ்சுக்குக் கீழே கையைத் தொங்கவிட்டால்? அவன் கூப்பிட்டதால்தான் போகிறாள் என்றால்? கையெழுத்துப் போடாவிட்டால் ஒரு பாவம், போட்டால் இன்னொரு பாவமோ? பயம் என்று பார்த்தால் இதுதான் நிஜமான பயம்.

பச்சைச் சுடிதாரின் கட்டைவிரல் வேகமாக ஓடியது. கடைசி ஒரு மணி நேரம். வடிவாம்பாள் முடிவு செய்துவிட்டாள். எழுதி வாங்கவும் வேண்டாம், யாரையும் வெளியே அனுப்பவும் வேண்டாம். நடந்துபோய் அந்தப் பெண்ணுக்கும் அந்தப் பையனுக்கும் நடுவில், அவள் கையை அவன் கண்ணிலிருந்து மறைக்கிற மாதிரி, சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு நின்றாள். கதவு சாத்தினாற்போல் நின்றாள். போதும்மா, உனக்கு எழுது, அவன் பாட்டை அவன் பார்த்துக்கொள்வான் என்று மனசுக்குள் சொன்னாள். பெண் நிமிர்ந்து பார்த்தாள். எதற்கு இந்த டீச்சர் தலைமேல் வந்து நிற்கிறார் என்று கொஞ்சம் மிரண்டதுபோல் இருந்தது. பையனும் நிமிர்ந்து பார்த்தான், பேனா நின்றுவிட்டது. பார், நான் சொன்னேனே என்று வடிவாம்பாள் நினைத்தாள். நாற்பது நிமிஷம், ஐம்பது நிமிஷம். கால் கடுத்தது. ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றாள். தான் நின்றிருக்க வேண்டிய இடத்தில் யாராவது ஒருவர் இப்படி நின்றிருந்தால் என்று தோன்றியது. அப்பாவுக்குப் பின்னால் அம்மா வந்து, ரசப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, போ, நீ போய் உட்கார்ந்து சாப்பிடு என்றிருந்தால்? கட்டைவிரல் நின்றுபோகும் என்று அவள் எதிர்பார்த்தாள். அது நிற்கவில்லை. யாரும் பார்க்க முடியாத இடத்தில், அவள் சேலை மறைவில், அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

ஒன்றே காலுக்கு நீண்ட மணி அடித்தது. விடைத்தாள்களை வரிசையாக வாங்கிக்கொண்டு வந்தாள். அந்தப் பையன் தாளை நீட்டினான், மூன்று பக்கத்துக்குமேல் எழுதவில்லை. நீட்டிவிட்டு யாரையும் பார்க்காமல் வெளியே போனான். பச்சைச் சுடிதார் கடைசிவரை எழுதிவிட்டு நிமிர்ந்தாள். வடிவாம்பாளுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அந்தப் பையன் உனக்கு யாரும்மா?" "எந்தப் பையன் டீச்சர்?" அவள் திரும்பிப் பார்த்தாள். பெஞ்சு காலியாக இருந்தது. "உனக்குப் பின்னாடி இருந்தானே, தம்பியா?" "எனக்குத் தம்பியே இல்ல டீச்சர். ஒரு அக்காதான்." "பின்ன வெரல்ல என்ன பண்ணிக்கிட்டிருந்த?" பெண் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள், அதில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்பதுபோல். "எண்ணிக்கிட்டிருந்தேன்." "யாருக்கு?" கேள்வி வாயை விட்டுப் போன பிறகுதான் அது எவ்வளவு அசட்டுத்தனமானது என்று வடிவாம்பாளுக்குத் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே புரியவில்லை. "யாருக்குன்னா? எனக்குத்தான் டீச்சர்" என்றாள். பிறகு, தப்பாக ஏதும் சொல்லிவிட்டோமோ என்று பயந்து, "மார்ச்ல மனசுலயே போட்டுப் போட்டுத் தப்பாப் போச்சு, அதான் இந்தத் தடவ வெரல்ல எண்ணி எண்ணிப் போட்டேன்" என்று சேர்த்துக்கொண்டாள். எனக்குத்தான். இப்படி ஒரு பதில் இருக்க முடியும் என்று மூன்று மணி நேரத்தில் ஒருமுறைகூடத் தோன்றவில்லையே! ஒரு பெண் விரலை மடக்கினால் அது எவனோ ஒருவனுக்காகத்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு, கால் கடுக்கக் காவல் நின்றிருக்கிறாள். "நல்லா எழுதியிருக்கியா?" "எழுதியிருக்கேன் டீச்சர்" என்று அந்தப் பெண் முதல்முறையாகச் சிரித்தாள். வடிவாம்பாள் தாள்களை எண்ணிச் சரிபார்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, கைப்பையை வாங்கிக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

சாப்பாட்டு இடைவேளை. வாகை மரத்தடியில் அம்மாவின் ஸ்கூட்டி மேலேயே ஏறி உட்கார்ந்து இளவேனில் காத்திருந்தாள். பக்கத்தில் நன்மாறன் டிபன் பாக்ஸைத் திறந்து, இரட்டையில் யார் மூத்தது என்று அவளோடு இன்னும் சண்டை தீராதவன், அவளுடைய அப்பளத்தையும் சேர்த்துத் தின்றுகொண்டிருந்தான். "போட்டியாம்மா? காரணம் எழுதினியா?" என்று இளவேனில் இறங்கினாள். வடிவாம்பாள் காகிதத்தைப் பிரித்தாள். இவன் கூப்பிட்டானா, உனக்கே பிடிக்கிறதா, காமர்ஸில் என்ன குறை, அன்றைக்கு அம்மா சொன்னதை மனசில் வைத்துக்கொண்டிருக்கிறாயா என்று கேட்க நினைத்தவை எல்லாம் தொண்டை வரை வந்தன. வாயில் வந்தது வேறு. "இருபத்தேழு லிங்க் நீளம், பதினாலு லிங்க் அகலம். எவ்வளவு?" "லிங்க்னா என்னம்மா?" என்றான் நன்மாறன். "உன்னக் கேக்கலடா. அவளைக் கேக்குறேன்." கேட்கும்போதே வடிவாம்பாளின் இடது கட்டைவிரல் தானாக எழுந்து ஆள்காட்டி விரலின் அடிக்குப் போனது, மோதிர விரலின் நுனிக்குப் போனது, அதன் நடுவில் வந்து நின்றது. இளவேனில் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. வாகை மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள், உதடு ஒருமுறை அசைந்தது. "முந்நூத்தி எழுபத்தெட்டு. எதுக்கும்மா?" வடிவாம்பாள் நன்மாறன் முகத்தைப் பார்த்தாள். காது சிவக்கிறதா என்று பார்த்தாள். "நானா இருந்தா பேப்பர் கேட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டு அவன் அப்பளத்தின் மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டான். வடிவாம்பாள் ஸ்கூட்டி சீட்டில் காகிதத்தை வைத்து, பேனா நன்றாகப் பதிய அழுத்தி, முதல் கோட்டில் எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள். இளவேனில் தலையை நீட்டிப் படித்தாள். "'கேட்டேன், சொன்னாள்.' என்னம்மா இது, ஆபீஸ்ல சிரிப்பாங்க. இன்னொரு கோடு வேற காலியா இருக்கு, ஒழுங்கா ஏதாவது எழுது." "அது இருக்கட்டும்" என்றாள் வடிவாம்பாள். "போய்க் கொடுத்துட்டு வந்து சாப்பிடு. போகும்போது என்னையும் ஒரு கணக்குக் கேட்டுட்டுப் போ."